நீள உடையும் கண்ணின் கணக்கும்

"குள்ளமா இருக்கறவங்களுக்கு நீளமான டிரெஸ் எடுக்காது." ஜவுளிக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு இது. "துணிக்குள்ள ஆளையே காணோம்" என்று கூடவே ஒருவர் சேர்த்துக்கொள்வார். ஆசையாக மாக்ஸியை எடுத்த பெண் அதை மறுபடியும் ஹேங்கரில் மாட்டிவிட்டு, முட்டி வரை வரும் குர்த்தியைத் தேடிப் போய்விடுவாள். ஆனால், கண் எப்படி நீளத்தைக் கணக்கிடுகிறது என்று ஆராய்ந்தவர்களைக் கேட்டால் இந்தத் தீர்ப்பு நிற்காது. உயரத்தைக் கூட்டிக் காட்டுவதில், தரையைத் தொடும் உடைக்கு இருக்கும் வசதி குட்டை உடைக்கு இல்லை.

முதலில், யார் குள்ளம்? அமெரிக்க ஆடைத் தொழிலில் 'பெட்டீட்' என்று ஒரு தனி அளவு வரிசை உண்டு. 5 அடி 4 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ, அதாவது சுமார் 163 செ.மீ. வரை உயரமுள்ள பெண்களுக்கானது அது. 2016இல் வெளியான உலகளாவிய உயர ஆய்வின்படி, 1996இல் பிறந்த இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 153 செ.மீ. அதே ஆண்டு பிறந்த லாட்வியா நாட்டுப் பெண்களுக்கு இது கிட்டத்தட்ட 170 செ.மீ. அமெரிக்கக் கணக்கை இங்கே வைத்துப் பார்த்தால் நம் பெண்களில் பெரும்பாலோர் பெட்டீட்தான். ஆகவே இது யாரோ சிலருடைய சங்கடம் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் அநேகமாக எல்லோருக்கும் உரிய கேள்வி.

ஒரு தாளில் 5 செ.மீ. நீளத்துக்குப் படுக்கைக் கோடு போடுங்கள். அதன் நடுப்புள்ளியிலிருந்து மேல்நோக்கி அதே 5 செ.மீ.க்கு ஒரு செங்குத்துக் கோடு. ஸ்கேல் வைத்து வரைந்தவர் நீங்களேதான். இருந்தும் நிற்கும் கோடு நீளமாகத் தெரியும். ஜெர்மனியைச் சேர்ந்த அடால்ஃப் ஃபிக் 1851இலேயே இந்த மயக்கத்தைப் பற்றி எழுதினார். இதற்குள் இரண்டு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. செங்குத்தான நீளத்தைக் கண் சற்றுக் கூட்டியே மதிப்பிடுகிறது என்பது ஒன்று. படுக்கைக் கோடு நடுவில் வெட்டுப்பட்டதால் சுருங்கித் தெரிகிறது என்பது இன்னொன்று. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது.

ஒரு நீளத்தை நடுவில் ஒரே ஒரு முறை வெட்டினால் அது குறுகித் தெரியும். அதையே பல சிறு துண்டுகளாகப் பிரித்தால் நேர்மாறாக நீண்டு தெரியும். ஒரு கோட்டின் பாதியில் மட்டும் நெருக்கமாகச் சிறு குறிகள் போட்டுப் பாருங்கள். குறிகள் உள்ள பாதி, வெறும் பாதியைவிட நீளம் என்று கண் சொல்லும். 1850களில் ஓப்பல் என்ற ஆய்வாளரும் அடுத்த பத்தாண்டில் குண்ட் என்பவரும் ஆராய்ந்த மயக்கம் இது. இன்றும் அவர்கள் இருவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்த இரண்டு விதிகளையும் உடைக்குக் கொண்டுவந்தால் பல விஷயங்கள் தெளிவாகும். பழுப்பு உடையின் நடுவில் அகலமான கறுப்பு பெல்ட் கட்டினால் உயரம் இரண்டாக வெட்டுப்படுகிறது. வெள்ளை டாப்பும் கருநீலப் பாவாடையும் செய்வது அதே வேலையைத்தான். மாறாக, கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே நிறம், அதில் வரிசையாகச் சின்னப் பொத்தான்கள், அல்லது நெருக்கமான சிறு பூக்கள் என்றால் கண் எங்கும் நின்றுவிடாமல் படிப்படியாக இறங்குகிறது. பெல்ட் கட்டியே ஆக வேண்டும் என்றால் உடையின் நிறத்திலேயே, ஒல்லியாகக் கட்டலாம்.

குறுக்குக் கோடு போட்ட துணி ஆளைக் குட்டையாக்கும் என்ற பயமும் நம்மிடம் உண்டு. 1867இல் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தமது ஒளியியல் நூலில் ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களைக் காட்டினார். ஒன்றை நெருக்கமான படுக்கைக் கோடுகளாலும் மற்றதைச் செங்குத்துக் கோடுகளாலும் நிரப்பியிருந்தார். படுக்கைக் கோட்டுச் சதுரம்தான் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரிந்தது. குறுக்குக் கோடு போட்ட உடை பெண்களை உயரமாகக் காட்டும் என்பதையும் அவர் அங்கேயே குறிப்பிட்டார். 2011இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்ப்சனும் கிரியாக்கி மிக்கெலிடூவும் பெண்ணுருவப் படங்களை வைத்துச் சோதித்து, குறுக்குக் கோடு ஆளைப் பருமனாக்கிக் காட்டுவதில்லை என்று எழுதினார்கள். 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: இந்தப் பலன் ஒல்லியான உருவத்தில்தான் நன்றாகத் தெரிகிறது, எல்லா உடல்வாகுக்கும் ஒரேபோல இல்லை. ஆக, மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடும் துணியை உயரம் குறைந்த, ஒல்லியான பெண் தாராளமாக எடுக்கலாம். மற்றவர்கள் கண்ணாடி முன்னால் நின்று முடிவு செய்யட்டும்.

நீள உடையின் உண்மையான பலம் அது எதை மறைக்கிறது என்பதில் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கால் இல்லை என்று யாரும் நினைப்பதில்லை. மறைந்த பகுதியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. பெல்ஜிய உளவியலாளர் ஆல்பெர் மிஷோட் விரிவாக ஆராய்ந்த விஷயம் இது. தரை தொடும் உடையில் இடுப்பு, தொடை, முட்டி, கணுக்கால் எதுவும் வெளியே தெரிவதில்லை. பார்ப்பவருக்குக் கிடைக்கும் ஒரே தடயம் இடுப்புத் தையல்தான். அது இருக்கும் இடத்திலிருந்து கால் தொடங்குகிறது என்று கண் எடுத்துக்கொள்கிறது. தையலை நாலைந்து அங்குலம் தூக்கி மார்புக்குக் கீழே வைத்தால், அத்தனை அங்குலமும் காலின் கணக்கில் சேர்கிறது. முட்டி வரை வரும் உடையில் இது முழுதாக நடக்காது. முட்டி தெரிந்துவிட்டால் காலின் உண்மையான அளவும் தெரிந்துவிடுகிறது.

நெப்போலியன் காலத்துப் பிரான்ஸில் அவர் மனைவி ஜோசஃபின் அணிந்து பிரபலமான 'எம்பயர்' வெட்டின் அடிப்படை இதுதான். மார்புக்குக் கீழிருந்தே விரியும் அனார்கலியிலும் இதே கணக்கு வேலை செய்கிறது.

கடையில் வாங்கும் மாக்ஸி உயரம் குறைந்தவருக்குப் பொருந்தாமல் போவது ஏன் என்பதும் இங்கே புரியும். 5 அடி 6 அங்குலப் பெண்ணுக்காக வெட்டிய உடையை 5 அடிப் பெண் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே தரையில் புரளும் அங்குலங்கள்தான் கண்ணில் படுகின்றன. டெய்லர் அதை வெட்டி மடித்து அடித்துத் தருகிறார். ஆனால் அந்த 6 அங்குல வித்தியாசம் முழுவதும் காலில் இல்லை. தோளிலிருந்து இடுப்பு வரையிலான பகுதியிலும் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் இருக்கிறது. அதை விட்டுவிட்டதால் இடுப்புத் தையல் இடுப்பெலும்பின் மேல் வந்து உட்காருகிறது. கால் குட்டையாகத் தெரிகிறது. விரிந்து விழ வேண்டிய கீழ்ச்சுற்றும் வெட்டுப்பட்டுப் போகிறது. சரியான வழி, முதலில் தோளிலோ இடுப்பு ஜாயிண்டைப் பிரித்தோ மேலுடலைத் தூக்குவது. அதன் பிறகு கீழே பார்ப்பது. கூலி சற்றுக் கூடும், பலன் அதைவிடக் கூடும். 1940களில் நியூயார்க் வடிவமைப்பாளர் ஹன்னா டிராய் பெட்டீட் அளவுகளைக் கொண்டுவந்தபோது அவர் கவனம் வைத்ததும் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள இந்தக் குறைந்த நீளத்தில்தான்.

அடுத்தது துணி எப்படி விழுகிறது என்பது. 1960களில் கியூசிக் என்ற ஆய்வாளர் இதை அளக்க ஒரு கருவி செய்தார். 18 செ.மீ. விட்டமுள்ள தட்டின் மேல் 30 செ.மீ. விட்டத்துக்கு வட்டமாக வெட்டிய துணியைப் போட்டு, அதன் நிழலை அளப்பது அந்தக் கருவியின் வேலை. விறைப்பான துணி அகலமான சில மடிப்புகளோடு விரிந்து நிற்கும், நிழல் பெரிதாக விழும். இளகிய துணி ஒல்லியான பல மடிப்புகளாகத் தொங்கும், நிழல் சிறுத்துவிடும். ஜார்ஜெட்டும் கிரேப்பும் ரேயானும் இரண்டாவது வகை. மடிப்பு ஒவ்வொன்றும் மேலிருந்து கீழே ஓடும் ஒரு நிழல்கோடு. உடை தானே வரைந்துகொள்ளும் கோடுகள் அவை.

நம் பெண்களுக்கு இது கைவந்த கலை. புடவைக் கொசுவத்தை ஒல்லியாக மடித்து, நுனிகளைச் சமமாக நீவி, பின் குத்திச் செருகும்போது அவர்கள் அந்தக் கோடுகளைத்தான் அமைக்கிறார்கள். முந்தானையை மடித்துத் தோளில் குத்தினால், இடுப்பிலிருந்து தோள் வரை தடைபடாத ஒரு சாய்கோடும் கிடைக்கிறது. ஒரு சாண் அகலத்துக்கு எதிர்நிறப் பார்டர் வைத்த புடவை மட்டும் காலுக்கு மேல் ஒரு வெட்டுக்கோட்டைப் போட்டுவிடும். விரலகலப் பார்டரோ உடலோடு ஒத்த நிறப் பார்டரோ அந்தத் தடையைத் தவிர்க்கும்.

கீழ் விளிம்பு கெண்டைக்கால் சதை பருத்த இடத்தில் நின்றால், காலின் அகலமான பகுதியில் கோடு விழுகிறது. கணுக்கால் தெரிய நிற்கட்டும், இல்லையென்றால் தரையை உரசட்டும். எந்தச் செருப்போடு போடப்போகிறோமோ அதை மாட்டிக்கொண்டுதான் டெய்லரிடம் அளவு கொடுக்க வேண்டும். போட்டோ எடுப்பவரிடம் போனைத் தம் கண்மட்டத்தில் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலிருந்து எடுத்தால் தலை லென்ஸுக்குப் பக்கத்திலும் பாதம் தூரத்திலும் இருப்பதால் கால் சுருங்கிவிடும். இரண்டடி பின்னால் போய், போனை இடுப்பு உயரத்தில் நேராகப் பிடித்தால் போதும்.

இணையத்தில் உடை விற்பவர்கள் பெரும்பாலும் மார்பளவு, இடுப்பளவு, மொத்த நீளம் இவற்றைத்தான் தருகிறார்கள். தோளிலிருந்து இடுப்புத் தையல் வரை எத்தனை அங்குலம் என்ற ஓர் எண்ணையும் அதோடு போட வேண்டும். ஒரு டேப்பும் ஒரு நிமிடமும் போதும் அதை அளக்க. அந்த எண் கையில் இருந்தால், எந்த மாக்ஸி தன் உடலுக்கு வெட்டியது என்று பெண்கள் வாங்கும் முன்பே தெரிந்துகொள்வார்கள். துணியின் வெட்டில் இருந்த பிசகுக்காகத் தங்கள் உயரத்தை நொந்துகொள்ள வேண்டியிருக்காது.