இரு தலைப்புகளுக்கு இடையே: ஆய்வுப் பொருளைத் தெரிவு செய்தல்

ஆய்வேட்டின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் தலைப்பைத் தெரிவு செய்யும்போதே முடிவாகிவிடுகின்றன. முதுகலை இறுதிப் பருவத்து மாணவர்க்கு ஆய்வுப் பொருள் கிடைக்காமை பெரும் இடர்ப்பாடன்று. ஒத்த விருப்பமுடைய இரு பொருள்கள் ஒருங்கே கிடைத்துவிடுவதே இடர்ப்பாடு. ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நின்று காலத்தைக் கழிப்போர் பலர். இந்நிலையில் முடிவெடுக்கும் முறையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்றைய தேவை

முன்னர் முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையே ஆய்வியல் நிறைஞர் பட்டம் இருந்தது. ஒரு பொருளை ஓராண்டு பயின்று பார்த்து, பொருந்தவில்லையெனில் வேறு பொருளுக்கு மாறும் வாய்ப்பை அது வழங்கிற்று. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குவிதிகள் அப்பட்டத்தை நிறுத்தின. எனவே முதுகலை ஆய்வேடே இன்று பலர்க்கு முதல் ஆய்வுப் பயிற்சியாகவும், குறைந்தது 3 ஆண்டுகள் நீளும் முனைவர் பட்ட ஆய்விற்கு முன்னுள்ள ஒரே பயிற்சியாகவும் அமைகின்றது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற வரும் மாணவர்க்கு வீணாகும் ஒவ்வொரு மாதமும் பெற்றோரின் உழைப்பாகும் என்பதையும் மறத்தலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மாணவிக்குக் குறுந்தொகையிலும் ஈடுபாடு உண்டு; இஸ்லாமியத் தமிழ்க் கிஸ்ஸாக்களிலும் ஈடுபாடு உண்டு எனக் கொள்வோம். குறுந்தொகை கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் கொண்டது. 1937இல் உ.வே. சாமிநாதையர் உரையுடன் பதிப்பித்தமையால் பாடமும் விளக்கமும் எளிதிற் கிடைக்கின்றன. ஆயின் அதனைப் பற்றி ஆய்ந்தோர் மிகப் பலர். யூசுபு நபி கிஸ்ஸா, சைத்தூன் கிஸ்ஸா முதலிய கதை இலக்கியங்களை ஆய்ந்தோரோ சிலரே. ஆயின் நல்ல பதிப்புகள் அரியவை. இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது? பின்வரும் நான்கு வினாக்களை இரு பொருளிடத்தும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, மூலநூல் கைக்கு எட்டுமா என்பது. நூலின் பெயரை நூற்பட்டியலிற் கண்டது போதாது. நூலை நேரிற் காணல் வேண்டும். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம், கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் ஆகியவற்றிற்குச் சென்றுவர வசதி உண்டா என எண்ணுக.

இரண்டாவது, தலைப்பு வினாவாக மாறுமா என்பது. ‘குறுந்தொகை ஓர் ஆய்வு’ என்பது தலைப்பேயன்றி வினாவன்று. ‘தோழி கூற்றுகளில் தலைவனை மறுத்துரைக்கும் மொழி எவ்வாறு அமைகின்றது?’ என்பது வினா. ‘கிஸ்ஸாவில் கேட்போரை விளிக்கும் தொடர்கள் கதையோட்டத்தில் ஆற்றும் பணி யாது?’ என்பதும் வினா. எப்பொருளில் இத்தகைய வினா தானே எழுகின்றதோ, அப்பொருளே மனத்தில் வேரூன்றியது எனலாம்.

மூன்றாவது, அதற்குரிய கருவி நம்மிடம் உண்டா என்பது. குறுந்தொகைக்குத் தொல்காப்பியப் பொருளதிகாரப் பயிற்சி வேண்டும். யூசுபு நபி வரலாற்றை ஆய்வார் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தை அறிந்திருத்தல் வேண்டும். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் நூல்களை எடுத்துக்கொள்வார்க்கு அவ்வெழுத்தைப் படிக்கும் திறன் இன்றியமையாதது.

நான்காவது, நெறியாளரும் காலமும் இடந்தருமா என்பது. நான்கு மாதத்தில் ஒரு கிஸ்ஸாவை ஆழ்ந்து கற்கலாம். கிஸ்ஸா இலக்கியம் முழுவதையும் கற்றல் இயலாது.

இரு தவறுகள்

முடிவெடுக்க இயலாதோர் இரு பொருளையும் இணைத்துக் ‘குறுந்தொகையும் கிஸ்ஸாக்களும்: ஓர் ஒப்பீடு’ என்று எழுதத் துணிவர். ஒப்பிடுதற்குரிய பொதுத்தளம் இல்லாதவழி இஃது இரண்டு அரைகுறை ஆய்வுகளாகவே முடியும்.

மற்றொன்று, ‘நம்மவர் நூலை நாமே ஆய்தல் வேண்டும்’ என்றோ, ‘நம் நூலை ஆய்ந்தால் மதிப்பிராது’ என்றோ எண்ணி முடிவெடுத்தல். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பின்னரே உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டார். சைவராகிய அவர் சமண அன்பர்களிடம் ஐயம் தெளிந்து 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். ம.மு. உவைஸ் தமிழிலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை முதுகலைப் பட்டத்திற்கு ஆய்ந்தார். அவ்வாய்வு 1953இல் நூலாயிற்று. ஒருவர் பிறர் நூலை நாடினார். மற்றவர் தம்மவர் நூலை நாடினார். இருவரையும் உயர்த்தியது உழைப்பே.

செய்யத்தக்கது

பத்து நாள் வரையறுத்துக்கொள்க. முதல் ஐந்து நாள் ஒரு பொருளையும், அடுத்த ஐந்து நாள் மற்றதையும் மூலநூலுடன் பயில்க. ஒவ்வொன்றிற்கும் வினா, மூலநூல், இயல் பகுப்பு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி நெறியாளரிடம் காட்டுக. எழுதும்போதே எது தடைப்படுகின்றது, எது பெருகுகின்றது என்பது புலனாகும். இரண்டும் நிகராயின், மூலநூல் கையில் உள்ளதையே தெரிக. விடுபட்ட பொருள் இழப்பன்று. அக்குறிப்புகளைக் காத்து வைப்பின் முனைவர் பட்டத்திற்கோ தனிக்கட்டுரைக்கோ அவை உதவும்.

இதில் சமுதாயப் பெரியோர்க்கும் பங்குண்டு. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து முதலியவற்றின் பழம்பதிப்புகள் இன்னும் சில இல்லங்களின் பேழைகளில் உள்ளன. தாள் பொடியாகு முன் அவற்றை மாணவர் படியெடுக்க இசைவளிப்பின், மூலநூல் இல்லையே என்பதற்காக ஒரு நல்ல ஆய்வு கைவிடப்படும் நிலை நீங்கும்.