மண்ணின்றி விளையும் காய்கறி

மண்ணில்லாமல் பயிர் விளையுமா என்று கேட்டால் நம் திருவள்ளூர் ஜில்லாக் குடியானவர் நகைப்பார். ஆனால் விளைகிறது என்பதில் இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை. வேருக்கு வேண்டியவை ஜலம், பிராணவாயு, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து முதலியவை. செடி சாயாமல் நிற்க ஓர் ஆதாரம். மண் இவற்றைத் தரும் பாத்திரமே. சத்துக்களை ஜலத்தில் கரைத்து நேரே வேருக்கு ஊட்டினால் பாத்திரம் எதுவானாலென்ன?

2018-ம் ஆண்டில் ஜெர்மானியர் இதைப் பூமியின் தென்கோடியிலே செய்து காட்டினர். அண்டார்க்டிகாவில் அவர்களுடைய மூன்றாம் நாய்மாயர் நிலையத்துக்கு அருகே ஒரு பெட்டகம் வைத்தார்கள். வெளியே கடுங்குளிர், பல வாரங்கள் சூரியனே உதிப்பதில்லை. உள்ளே மின்விளக்கே சூரியன்; வேர்கள் காற்றில் தொங்க, சத்து நீர் பனிபோல் அவற்றின்மீது தெளிக்கப்பட்டது. உஷ்ணத்தையும், நீரின் புளிப்பையும், உப்பின் அளவையும் கருவிகளே அளந்தன. பல்லாயிரம் மைல் தொலைவிலுள்ள ப்ரெமன் நகரிலிருந்தும் நிபுணர்கள் கண்காணித்தனர். பன்னிரண்டரைச் சதுர மீட்டர் இடத்தில், ஒன்பதரை மாதத்தில், 268 கிலோ காய்கறி கிடைத்தது. ஆயினும் விதைக்கவும், பறிக்கவும், பழுது பார்க்கவும் அங்கே ஒரு மனிதர் இருந்தே தீரவேண்டியிருந்தது.

நமது தேசத்துக்கும் இவ்வித்தை புதிதன்று. 1946-ல் வங்காளத்தைச் சேர்ந்த காலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இம்முயற்சியைத் தொடங்கினார். யந்திரச் சிக்கல் ஏதுமின்றி, சரளைக்கல் பரப்பிய தொட்டியில் உப்புக்களைக் கையால் தூவி நீர் வார்க்கும் எளிய முறை அவருடையது.

இவ்விரண்டில் நமக்கு ஏற்றது எது? நம் ஜில்லாவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆகவே விளக்குச் சூரியன் வீண் செலவு. உழைக்கும் கைகளுக்கும் குறைவில்லை. குறைவது ஜலம். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் 2019-ம் ஆண்டுக் கோடையில் ஏறக்குறைய வறண்டதை நாம் எல்லோரும் அறிவோம். சிந்திய நீர் மண்ணில் மறையாமல், திரும்பத் திரும்பச் சுற்றிவரும் முறையே நாம் தென்துருவத்திலிருந்து கற்கவேண்டிய பாடம்.

அங்கே சத்துரு குளிர், இங்கே உஷ்ணம். நீர் சூடேறினால் அதில் கரைந்த பிராணவாயு குறையும், வேர் அழுகும். எனவே நிழல்வலையும், தரையில் புதைத்த தொட்டியும் வேண்டும். வேரருகே நீர் மெல்லியதாக ஓடும் குழாய்களில், நடுப்பகலில் மின்சாரம் நின்றால் சில மணி நேரத்தில் பயிர் வாடிவிடும். நீர் மட்டம் தாழ்ந்தால் திறக்கும் மிதவைக் குழாயும், பம்பு நின்றால் ஒலிக்கும் மணியும், புளிப்பை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையே வைக்கும் அளவுகருவியும் இங்கே போதும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் யந்திரங்களோடு பழகிய நம் இளைஞர்களுக்கு இவற்றைப் பொருத்துவது பெரிய காரியமா?

நெல்லும் பருப்பும் என்றும் வயலில்தான் விளையும். கீரையும் தக்காளியும் மொட்டை மாடியிலும் விளையலாம். ராத்திரிக் காவலை யந்திரத்துக்குக் கொடுப்போம். பயிரின் முகம் பார்த்து அதன் குறை அறியும் வேலையை நாமே வைத்துக்கொள்வோம். தொட்டி ஒன்றிலே தொடங்கினாலும் போதும்.