மறந்தவனும் ஏமாற்றியவனும் ஒன்றா?

திருப்பாச்சூரிலிருந்து பொழுது புலருமுன் சைக்கிள் மிதித்துத் திருவள்ளூர் நிலையம் வந்து, அம்பத்தூருக்கோ, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறிக் கும்மிடிப்பூண்டிக்கோ வேலைக்குப் போகும் தோழனை எண்ணிப் பாருங்கள். மாதச் சீட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டியவன். அன்று சட்டையை மாற்றினான். சீட்டு பழைய சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. இன்னொருவன் கைப்பேசியில் சீட்டு எடுத்தவன்; வழியில் பேட்டரி தீர்ந்தது. மூன்றாமவன் சல்லிக்காசு கொடாமல் ஏறியவன். பரிசோதகர் வருகிறார். மூவருக்கும் ஒரே தண்டம்!

பரிசோதகரை நோவதில் பயனில்லை. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவரே. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138-ஆவது பிரிவு, சீட்டே இல்லாதவனையும், கேட்டவுடன் காட்டத் தவறியவனையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. கட்டணத்துக்கு மேல், அதே அளவு தொகையோ 250 ரூபாயோ, எது அதிகமோ அது. புறநகர் வண்டியின் குறைந்த கட்டணம் 5 ரூபாய். தண்டம் 50 மடங்கு! ஏமாற்றும் எண்ணத்தோடு ஏறுவோருக்கு 137-ஆவது பிரிவு தனியே இருக்கிறது. ஆறு மாதச் சிறைவரை போகும். எண்ணத்தைப் பிரித்தறியச் சட்டத்துக்குத் தெரியாமலில்லை.

சலுகை கொடுத்தால் ஒரே சீட்டை நால்வர் காட்டுவார்களே என்பர். சாதாரணக் காகிதச் சீட்டுக்கு அது பொருந்தும்; அதில் பெயரில்லை. மாதச் சீட்டுக்கோ அடையாள அட்டை உண்டு. கைப்பேசிச் சீட்டு ரயில்வேயின் கணினியிலேயே நேரத்தோடு பதிவாகிறது. ஜெர்மனியில் சீட்டில்லாப் பயணத்துக்கு 60 யூரோ தண்டம். பெயருள்ள மாதச் சீட்டை ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்து காட்டினால் 7 யூரோதான். அந்த ஒரு வாரத் தவணையை நம் உழைப்பாளிக்குக் கொடுப்பதில் ரயில்வேக்கு என்ன நட்டம்?