கருப்பு ஸ்க்ரீன் வந்தா உடனே ஃபார்மேட் பண்ணாதீங்க

லினக்ஸ் யூஸ் பண்றவங்கள்ல பல பேர் ஒரு நாளாவது இதைப் பாத்திருப்பீங்க. உபுண்டு அப்டேட் முடியுது, ரீஸ்டார்ட் கொடுக்கறீங்க, லோகோ வருது, அப்புறம் வெறும் கருப்பு. நாளைக்கு காலையில ப்ராஜெக்ட் ரிவ்யூ. கோட் மொத்தமும் அந்த லேப்டாப்புக்குள்ள. பக்கத்துல ஒருத்தர் கண்டிப்பா சொல்வாரு, "ஃபார்மேட் பண்ணிடு மச்சி"ன்னு. வேண்டாம். பெரும்பாலும் ஃபைல் எல்லாம் பத்திரமாத்தான் இருக்கும். படுத்தது கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும்தான்.

ஏன் இப்படி ஆகுது? இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் லினக்ஸ் கர்னலுக்குள்ளயே இருக்கு. கர்னல் மாறினா அதுவும் கூடவே மாறிடும். என்விடியா டிரைவர் வெளியிலிருந்து வருது. 2022-ல் அவங்க கர்னல் மாட்யூலோட சோர்ஸ் கோடை ஓப்பன் பண்ணினாங்க, ஆனாலும் அது தனியாத்தான் வருது. பூட்டு மாறினா சாவியும் மாறணும் இல்லையா, அதே மாதிரி ஒவ்வொரு புது கர்னலுக்கும் பொருந்துற மாட்யூல் வேணும். பல சிஸ்டத்துல அதை கம்பைல் பண்ற வேலை டிகேஎம்எஸ்ஸோடது. கர்னல் ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லைன்னா அந்த வேலை நடக்காது.

இப்போ என்ன செய்யலாம்?

முதல்ல, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்துங்க. லாகின் கேட்டா சிஸ்டம் உயிரோட இருக்கு. உள்ள போய் முக்கியமான ஃபைல்களை ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணிடுங்க.

அது வரலைன்னா, ஆன் ஆகும்போது எஸ்கேப் கீயை தட்டி கிரப் மெனுவுக்கு போங்க. பழைய மெஷின்னா ஷிஃப்ட். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல பழைய கர்னல் இருக்கும். அதுல பூட் ஆகுதுன்னா, புது கர்னலுக்கு மாட்யூல் தயாராகலைங்கற சந்தேகம் பலமாகுது.

அதுவும் ஆகலைன்னா, கிரப் மெனுவுல 'ஈ' அழுத்துங்க. 'லினக்ஸ்'னு ஆரம்பிக்கற வரியோட கடைசியில ஒரு ஸ்பேஸ் விட்டு 'நோமோட்செட்'னு சேர்த்து எஃப்10 கொடுங்க. ஸ்க்ரீன் மங்கலா, பெரிசா தெரியலாம், பரவாயில்ல. இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். இது முதலுதவி, வைத்தியம் இல்ல.

உள்ள வந்ததும் லாக் பாருங்க. 'ஜர்னல்சிடிஎல் மைனஸ்-பி மைனஸ்-1' கொடுத்தா, இதுக்கு முந்தைய பூட்ல நடந்தது வரும். அதுல என்விடியா, நூவோ ரெண்டையும் தேடுங்க. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்'ல புது கர்னல் பேர் இல்லைன்னா, ஹெடர்ஸை இன்ஸ்டால் பண்ணி 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' ஓட்டுங்க. "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்"னு வந்திருந்தா, பிரச்சனை செக்யூர் பூட். டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்டு, அடுத்த ரீஸ்டார்ட்ல ஒரு நீல ஸ்க்ரீன் வந்திருக்கும். பல பேர் அதைப் படிக்காமலே தாண்டிடுவாங்க. மோக்யூட்டில் மூலமா சாவியை மறுபடி பதிவு பண்ணுங்க, இந்த தடவை அந்த ஸ்க்ரீன்ல 'என்ரோல் மோக்' செலக்ட் பண்ணுங்க.

கடைசியா ரெண்டு விஷயம். டிரைவரை வெப்சைட்ல டவுன்லோட் பண்ணி போடறதை விட, உங்க டிஸ்ட்ரோ தர்ற பேக்கேஜ் பாதுகாப்பு. அப்புறம், நாளைக்கு டெமோ இருக்குன்னா இன்னிக்கு ராத்திரி அப்டேட் பட்டன் பக்கமே போகாதீங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.