பாங்காக்: மலிவுக்கு ஒரு விலை

விசா தொல்லை இல்லை, சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரப் பயணம், நள்ளிரவு வரை திறந்திருக்கும் கடைவீதி. இந்தியர்கள் படையெடுப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அங்கே எதைப் பார்க்கிறோம், எவ்வளவு இழக்கிறோம் என்பதைத் தீர்மானிப்பவர்கள் வேறு சிலர்.

பொழுது விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சுவர்ணபூமி விமான நிலையத்தின் குடியேற்றப் பிரிவில் வரிசை பாம்பாக நெளிகிறது. சென்னை, கொல்கத்தா, மும்பை விமானங்கள் அடுத்தடுத்து இறங்கியிருக்கின்றன. காலிப் பெட்டிகளோடு கிளம்பி வந்த துணி வியாபாரி ஒருவர். ஒரே நிறத் தொப்பி அணிந்த ஒரு கும்பல் - ஏதோ சிமென்ட் கம்பெனி, அதிகம் விற்ற டீலர்களுக்குப் பரிசாகத் தந்த பயணம். கையில் மருதாணி மங்காத புதுமணப் பெண். பாட்டி முதல் பேரன் வரை ஒன்பது பேர் கொண்ட குடும்பம், கைப்பையில் புளியோதரையோடு. எல்லாருடைய பாஸ்போர்ட்டிலும் விழும் முத்திரை ஒன்றுதான். அவர்கள் பார்க்கப்போகும் பாங்காக் ஒன்றல்ல.

இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? சுற்றுலா விளம்பரங்களைப் படித்தால் பொற்கோயில்களும் புன்னகையும்தான் காரணம் என்று தோன்றும். நிஜத்தில் முதல் காரணம் விசா. ஒரு காலத்தில் இந்தியர்கள் விமான நிலையத்தில் இறங்கியதும் படிவம், போட்டோ, 2,000 பாட் கட்டணம் என்று தனி வரிசையில் காத்துக் கிடந்து 15 நாள் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம், 30 நாள் தங்கலாம் என்று அறிவித்தது. 2024 ஜூலையில் அதை 60 நாளாக்கியது. (இந்தச் சலுகைகள் அரசின் மனநிலையைப் பொறுத்து மாறும். டிக்கெட் எடுக்குமுன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.) பலன் உடனே தெரிந்தது. 2023இல் 16 லட்சமாக இருந்த இந்தியப் பயணிகள் எண்ணிக்கை 2024இல் 21 லட்சத்தைத் தாண்டி, கொரோனாவுக்கு முந்தைய அளவையும் விஞ்சியது. கோயில்களும் புன்னகையும் அதே இடத்தில்தான் இருந்தன. குறைந்தது ஒரு வரிசை மட்டுமே.

இரண்டாவது காரணம் விலை. இதில்தான் நம்மவர்களின் கணக்கு கொஞ்சம் பழசாகிவிட்டது. 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயத்தைக் கைகழுவியது. டாலருக்கு 25 ஆக இருந்த பாட், சில மாதங்களில் 50ஐத் தாண்டிச் சரிந்தது. அதற்கு முன்பு ஒரு பாட் வாங்க சுமார் 1 ரூபாய் 40 காசு தர வேண்டும். 1998 ஜனவரியில் முக்கால் ரூபாய் போதும் என்ற நிலை. அந்த ஆண்டுதான் 'அமேசிங் தாய்லாந்து' என்ற பிரசாரத்தை அரசு முழங்கியது. நெருக்கடியில் மூழ்கிய நாடு தன் வீழ்ச்சியையே விற்பனைச் சரக்காக்கியது. பாங்காக் என்றால் கொள்ளை மலிவு என்ற எண்ணம் இந்திய நடுத்தர வர்க்கத்தின் மனதில் அழுத்தமாகப் பதிந்தது அப்போதுதான். இன்று ஒரு பாட்டுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் தர வேண்டியிருக்கிறது. எண்ணம் மட்டும் 1998லேயே நிற்கிறது.

அந்த எண்ணத்தின் மேல் கட்டப்பட்டதுதான் பேக்கேஜ் டூர் என்ற மாபெரும் தொழில். நான்கு இரவு, ஐந்து பகல். முதலில் பட்டாயா, பவளத் தீவு, இரவில் ஒரு கேளிக்கை நிகழ்ச்சி. பிறகு பாங்காக். 'அரை நாள் நகர உலா' என்று அச்சிட்டிருப்பார்கள். அதில் வாட் டிரைமிட் கோயிலின் தங்கப் புத்தர் இருப்பார். ஐந்தரை டன் எடை. சுதைப் பூச்சுக்குள் பல காலம் ஒளிந்திருந்து, 1955இல் இடம் மாற்றும்போது பூச்சு பெயர்ந்ததால் வெளியே தெரிந்தவர். அடுத்து சலவைக்கல் கோயில். அப்புறம்? 1782இல் நகரத்தோடு சேர்ந்தே எழுந்த அரண்மனைக்குத்தானே போக வேண்டும்? இல்லை. பஸ் நேராக ஒரு ரத்தினக் கடையின் வாசலில் போய் நிற்கும்.

காரணம் எளிது. அரண்மனைக்கு வெளிநாட்டவர் கட்டணம் தலைக்கு 500 பாட். தாய்லாந்துக்காரர்களுக்கு இலவசம். கால்சட்டை, கையில்லாத சட்டை போட்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரமாவது ஆகும். நாற்பது பேர் கொண்ட கூட்டத்தை அங்கே கூட்டிப்போனால் டூர்காரருக்குச் செலவு. ரத்தினக் கடைக்குக் கூட்டிப்போனால் வரவு. அங்கே விற்பதில் ஒரு பங்கு, பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தியவருக்குப் போகிறது. ஊரில் பேக்கேஜ் விலையை அடக்க விலைக்கும் கீழே அறிவித்துவிட்டு, துண்டு விழும் தொகையை இந்தக் கமிஷனில் ஈடுகட்டுவார்கள். இந்த வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனது சீனாவிலிருந்து வந்த 'பூஜ்ய டாலர்' சுற்றுலாக்கள்: கட்டணமே இல்லாத அளவுக்கு அழைத்து வந்து, கடை கடையாக இறக்கிவிட்டுக் கறந்துவிடுவது. 2016 செப்டம்பரில் தாய்லாந்து அரசு இவற்றின் மீது பாய்ந்தது. ஆனால் அந்தத் தத்துவம் எல்லா நாட்டு பஸ்களிலும் அளவோடு தொடர்கிறது. நம்மூர் விளம்பரத்தில் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், மீதியை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

தனியாக வருபவருக்கு பஸ் இல்லை. அவருக்காகவே காத்திருக்கிறார் டுக்-டுக் ஓட்டுநர். அரண்மனை மதில் அருகே நல்ல உடை அணிந்த ஒருவர் அன்பாக வந்து பேசுவார். எந்த ஊர் என்று விசாரிப்பார். இன்று ஏதோ பௌத்தச் சடங்கு, மதியம் வரை அரண்மனை மூடியிருக்கும் என்பார். அதற்குள் 20 பாட்டுக்கு நகரைச் சுற்றிக்காட்ட ஒரு டுக்-டுக் தயாராக நிற்கும். 20 பாட்டுக்கு பெட்ரோல் செலவுகூடக் கட்டாது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. வண்டி ஒரு சின்னக் கோயில், ஒரு தையல் கடை, கடைசியில் ஒரு ரத்தினக் கடை என்று போகும். அங்கே 'இன்றோடு முடியும் அரசாங்கத் தள்ளுபடி' நடந்துகொண்டிருக்கும். இதை எழுதாத பயண வழிகாட்டி நூல் கிடையாது. ஆனாலும் நாள்தோறும் ஆள் சிக்குகிறார். அரண்மனை பெரும்பாலும் எல்லா நாளும் காலை எட்டரைக்குத் திறந்துவிடும். வாசல் வரை நடந்துபோய்ப் பார்ப்பதுதான் ஒரே மருந்து. ஏமாந்தால் சுற்றுலாப் போலீசின் தொலைபேசி எண் 1155.

உள்ளே போகிறவர்களுக்கு, குறிப்பாக இந்தியர்களுக்கு, பெரிய பரிசு காத்திருக்கிறது. மரகதப் புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள மண்டபச் சுவர் நெடுக ராமாயணம். தாய்லாந்தில் ராமகியன். மொத்தம் 178 ஓவியக் காட்சிகள். நம்ம ஊர் அனுமன் பிரம்மச்சாரி. இங்குள்ள அனுமன் அப்படியல்ல. பாட்டிக்கு இதை விளக்குவது பேரன் பாடு.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான இடங்கள் உண்டு. பேக்கேஜ் பஸ்கள் அவற்றின் பக்கம் திரும்புவது அபூர்வம். சீலோம் சாலையில் தமிழ்க் குடியேறிகள் 1879இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் அதில் ஒன்று. தாய்லாந்து மக்கள் அதை 'வாட் கேக்' என்கிறார்கள். இந்தியர்களைக் குறிக்கும் பேச்சு வழக்குச் சொல் அது. நவராத்திரி ஊர்வலத்தன்று சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் நம்மவர்களைவிட தாய்லாந்து பக்தர்களே அதிகம். பழைய நகரத்தில் ராட்சத ஊஞ்சல் கம்பங்களுக்கு அருகே பிராமணர்களின் தேவஸ்தானம் இருக்கிறது. மார்கழியை ஒட்டி அங்கே நடக்கும் சடங்கின் பெயர் திரியம்பாவாய்-திரிபாவாய். திருவெம்பாவை, திருப்பாவை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுபோனது. அரசவைப் பிராமணர்களின் சடங்கு நிற்கவில்லை. இதற்குக் கட்டணமும் இல்லை, கமிஷனும் இல்லை. டூர் பட்டியலில் இல்லாததற்கு அதுவே காரணமோ என்னவோ.

எங்கே தங்குவது என்பதை இப்போது ரயில் தீர்மானிக்கிறது. தொண்ணூறுகளில் பாங்காக்கின் போக்குவரத்து நெரிசல் உலகப் பிரசித்தம். விமானத்தைத் தவறவிட்டவர்களின் கதைகள் ஏராளம். 1999 டிசம்பர் 5 அன்று வானத்து ரயிலும், 2004இல் சுரங்க ரயிலும், 2010இல் விமான நிலைய ரயிலும் வந்தன. சுகும்வித், சியாம் பகுதி ஓட்டல்களின் மவுசு ஏறியது. முதுகுப்பையோடு வரும் வெள்ளைக்கார இளைஞர்களின் காவ்சான் சாலைக்கோ ரயில் எட்டவில்லை. 2019இல் சுரங்கப் பாதை பழைய நகரத்தைத் தொட்ட பிறகுதான், கிடந்த புத்தரின் வாட் போ கோயிலுக்கு ரயிலில் இறங்கி நடந்துபோக முடிகிறது. இந்திய வியாபாரிகள் மட்டும் அன்றும் இன்றும் பிரதுநாமை விடுவதில்லை. துணிச் சந்தையும் சப்பாத்தியும் ஒரே தெருவில் கிடைக்கும்போது ரயில் எதற்கு?

டாக்சி வேண்டுமென்றால் மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். 'மீட்டர்' என்ற சொல்லைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டுப் போகிற ஓட்டுநரும் உண்டு. அடுத்த வண்டியைக் கைகாட்டுங்கள். சென்னை ஆட்டோக்களைச் சமாளித்தவர்களுக்கு இது பெரிய விஷயமல்ல.

சைவர்களின் கவலை சாப்பாடு. காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு விழுந்துவிடும். அது அவர்களுக்கு உப்பு மாதிரி. அரைத்த மசாலாவில் இறால் விழுது கலந்திருக்கும். மிரட்சியில் பலர் ஐந்து நாளும் இந்திய ஓட்டல்களிலேயே பனீரைத் தின்று திரும்புகிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டிய சொல் ஒன்றுதான்: 'ஜே'. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் கடைகளில் மீன் சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். சீன வம்சாவளி பௌத்தர்களின் விரத உணவு அது.

இரவு வாழ்க்கையைப் பற்றிப் பேசாமல் பாங்காக்கைப் பற்றி எழுத முடியாது. வியட்நாம் போரின்போது ஓய்வுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களால் பெருகிய தொழில் அது. சட்டப்படி விபசாரம் அங்கே குற்றம். 1960லும் 1996லும் தடைச் சட்டங்கள் போட்டிருக்கிறார்கள். பாட்போங் தெருவில் அந்தச் சட்டத்தைத் தேடினால் கிடைக்காது. மாடிப் படியேறிப் போனவர் இறங்கும்போது நீட்டப்படும் பில்லைக் கண்டு வெளிறிப்போவது தனிக் கதை. முன்பெல்லாம் பாங்காக் போகிறேன் என்று ஒரு ஆண் சொன்னாலே வீட்டில் புருவம் உயரும். இன்று குடும்பம் குடும்பமாகப் போவதால் அந்தச் சந்தேகம் தேய்ந்திருக்கிறது. எழுபது வயது மாமியார்கள் கப்பலில் இரவு உணவு சாப்பிட்டுத் திரும்புகிறார்கள்.

விசா, விலை எல்லாவற்றையும் ஒரே நாளில் தோற்கடிக்கக் கூடியது பயம். 2008 இறுதியில் ஆர்ப்பாட்டக்காரர்கள் விமான நிலையங்களையே முற்றுகையிட்டு மூடினார்கள். 2015 ஆகஸ்ட் 17 அன்று நகரின் மையத்திலுள்ள எராவன் பிரம்மா சந்நிதியில் குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள். இரண்டே நாளில் சந்நிதி திறக்கப்பட்டது, கூட்டமும் திரும்பியது. பெருந்தொற்று மட்டுமே ஊரை உண்மையில் காலி செய்தது: 2019இல் ஏறக்குறைய 4 கோடிப் பேர் வந்த நாட்டுக்கு 2021இல் வந்தவர்கள் 4 லட்சத்துச் சொச்சம். பாங்காக் அப்படிப்பட்ட சரிவுகளிலிருந்து மீண்டு பழகிய ஊர். 2024இல் மூன்றரைக் கோடியைத் தொட்டது.

பிறகு 2025 ஜனவரியில் ஒரு சம்பவம். நடிக்க வாய்ப்பு என்று நம்பி பாங்காக்கில் இறங்கிய சீன நடிகர் ஒருவர், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டார். இணைய மோசடிக் கூடாரம் ஒன்றிலிருந்து அவர் மீட்கப்பட்டாலும் சீனாவில் பீதி பரவியது. மார்ச்சில் நிலநடுக்கம் பாங்காக்கில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அரசுக் கட்டடத்தைச் சரித்தது. 2019இல் 1 கோடியே 10 லட்சமாக இருந்த சீனப் பயணிகள் 2025இல் அதில் பாதிகூட வரவில்லை. இந்தியர்கள் அசரவில்லை. அவர்கள் வரத்து அந்த ஆண்டும் கூடியது.

இந்தத் தைரியம் நல்லதுதானா? மியாவாடிக் கூடாரங்களில் நம்மவர்களும் இருந்தார்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று ஆசை காட்டி, சுற்றுலாப் பயணிகளாக பாங்காக்குக்கு வரவழைத்து, அங்கிருந்து காரில் எல்லைக்குக் கொண்டுபோனார்கள். 2022இல் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பியவர்களில் தமிழக இளைஞர்கள் இருந்தார்கள். 2025 மார்ச்சில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை அழைத்துவர இந்திய விமானப்படை விமானங்கள் எல்லையோர மேசோட் நகருக்குப் போக வேண்டியிருந்தது. தேனிலவு ஜோடி நுழையும் அதே கதவு வழியாகத்தான் அவர்களும் நுழைந்தார்கள். சுற்றுலா அனுமதியில் போனவர் அங்கே வேலை பார்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. வேலைக்கு முறையான விசா வேறு, அதைப் புறப்படுமுன் வாங்கிக்கொள்ள வேண்டும். 'முதலில் டூரிஸ்ட்டாகப் போய் இறங்கு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் ஏஜென்ட் கமிஷன் வாங்குவது ரத்தினக் கடையிடம் அல்ல.

2025 மே முதல் தாய்லாந்துக்கு வருவோர் அனைவரும் பயண விவரங்களை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. வாங்கிக்கொண்டு 'உதவி' செய்யும் போலித் தளங்கள் அதற்குள் முளைத்துவிட்டன.