கல்வட்டத்தில் கதிரவன் திரும்பும் நாள்

ஆண்டின் மிக நீண்ட இரவு கழிந்துகொண்டிருக்கிறது. தென் இங்கிலாந்தின் சாலிஸ்பரிச் சமவெளியில் புல்நுனிகளெல்லாம் உறைபனி. கம்பளி அங்கிகளும், தலையில் ஐவிக் கொடி வளையங்களும், கையில் பறைகளுமாக மக்கள் வந்து சேருகின்றனர். முதியோர் உண்டு, தந்தையின் தோளில் உறங்கும் குழந்தைகளும் உண்டு. காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின் சூரியன் எழ வேண்டும். பல ஆண்டுகளில் மேகம் மட்டுமே காட்சி தரும். ஆயினும் குறித்த வேளையில் பறைகள் அதிர்கின்றன; தென்கிழக்கு நோக்கிக் கைகள் உயர்கின்றன. அந்த இடம் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் கல்வட்டம். அந்த நாள் ‘யூல்’ திருநாள்.

டிசம்பர் 21 அல்லது 22-இல் சூரியன் தன் தென்கோடிப் பயணத்தை முடித்து வடக்கே திரும்புகிறது. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றே கால் மணி நேரத்துக்குக் குறைவதில்லை. ஸ்டோன்ஹெஞ்சிலோ அது எட்டு மணி நேரத்தைக்கூட எட்டாது. கோடையில் பதினாறரை மணி நேரம் வெயில் கண்ட மண் அது. மாலை நான்கு மணிக்கு முன்பே இருள் சூழும் நாட்டில் ஒளி திரும்பும் செய்தி எத்தகைய ஆறுதல் என்பதை அங்கு வாழ்ந்தவர்களே முழுமையாக உணர முடியும். நாம் தை முதல் நாளில் கொண்டாடும் உத்தராயணமும் இதே திருப்பத்தைக் குறித்ததுதான். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன. அயனாம்சம் வளர்ந்ததால் இன்று இடையில் மூன்று வாரங்களுக்கு மேல் விழுந்துவிட்டது.

யூலைக் கொண்டாடுவோர் தம்மைப் ‘பேகன்’ என்று அழைத்துக்கொள்கின்றனர். நாட்டுப்புறத்தான் என்னும் பொருள்கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிறர் இகழ்ந்து வழங்கியதை இவர்கள் பெருமையுடன் ஏற்றனர். இன்றைய வடிவில் இந்நெறிக்கு உருக்கொடுத்தோருள் முதன்மையானவர் ஜெரால்ட் கார்ட்னர். இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றி, பின்னர் மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1951-இல் இங்கிலாந்தின் பழைய சூனியத் தடைச் சட்டம் நீக்கப்பட்ட பின்னரே இவர்களால் வெளிப்படையாகப் பேச முடிந்தது. கார்ட்னரின் வட்டமும், ராஸ் நிக்கல்ஸ் வழிநடத்திய ட்ரூயிட் நெறியினரும் ஆண்டை எட்டு ஆரங்கள் கொண்ட சக்கரமாக வகுத்தனர். அதில் யூல் ஓர் ஆரம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தம் சமயத்தைப் பேகன் என்று பதிந்தனர்.

கல்வட்டத்துக்கு வருவோர் சிலரே. பெரும்பாலோர்க்கு யூல் வீட்டு வழிபாடு. ஹாலி, ஐவி, மிசில்டோ எனக் குளிரிலும் பசுமை மாறாத தழைகளால் வாயிலையும் கூடத்தையும் அலங்கரிக்கின்றனர். அந்தி சாய்ந்ததும் வீட்டின் விளக்குகள் அனைத்தும் அணைக்கப்படுகின்றன. குடும்பத்தினர் இருளில் பேசாது அமர்ந்திருப்பர். கடந்த ஆண்டில் இழந்தவர்களை நினைக்கும் நேரம் அது. பின்னர் ஒருவர், பெரும்பாலும் வீட்டின் இளையவர், ஒரே ஒரு மெழுகுவத்தியை ஏற்றுகிறார். அதிலிருந்து மற்றவை ஒளி பெறுகின்றன. அன்னை இறைவி நீண்ட இரவில் கதிரவனை மகவாக ஈன்றாள் என்பது அவர்களுள் பலரின் நம்பிக்கை.

அடுப்பங்கணப்பு உள்ள வீடுகளில் யூல் கட்டையை எரிக்கின்றனர். சென்ற ஆண்டுக் கட்டையில் எரியாது எஞ்சிய துண்டைக்கொண்டே புதிய கட்டைக்குத் தீ மூட்டுவது முறை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அதற்கு வழியேது? சிறிய மரத்துண்டில் மூன்று துளைகளிட்டு மெழுகுவத்திகளைச் செருகி அதையே யூல் கட்டையாகக் கொள்கின்றனர். சிலர் இரவெல்லாம் அந்தத் தீயை அணையாது காத்து, கண்விழித்திருந்து விடியலை வரவேற்கின்றனர். சிவராத்திரி கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவை யாவும் தொன்மையானவையா என்ற கேள்வி இவர்களைத் தொடர்ந்து வந்துள்ளது. யூல் என்ற பெயர் பழையது. 725-இல் எழுதிய பீட் என்னும் கிறித்தவத் துறவி, ஆங்கிலேயர்களின் முன்னோர் டிசம்பர் 25 இரவை ‘அன்னையர் இரவு’ என அழைத்ததைக் குறித்திருக்கிறார். ஆயினும் அந்த இரவில் என்ன செய்தனர் என்பதற்கு விரிவான பதிவு இல்லை. யூல் கட்டை பற்றிய இங்கிலாந்துக் குறிப்புகளும் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. இதனையெல்லாம் ஆராய்ந்து எழுதியவர் வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன். அறுபடாத பரம்பரை என்று நம்பியிருந்த சிலருக்கு அவர் நூல்கள் வருத்தம் தந்தன. வேறு பலரோ அவற்றை விரும்பிக் கற்று, தம் நெறி புதியது என்பதை மறைக்காமல் ஏற்றனர். பெயர் மட்டும் எஞ்சிய ஒரு திருநாளுக்கு வழிபாட்டை மீண்டும் உருவாக்குவது எளிய செயலன்று. அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

கல்வட்டத்துக்குள் நுழையும் உரிமையும் எளிதாக வரவில்லை. கற்கள் தேய்வதால் 1978 முதல் பொதுமக்கள் கயிற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1985 ஜூன் 1-இல், அங்கு கோடை விழாவுக்காகச் சென்ற நாடோடிகளின் வாகன அணியைக் காவல்துறை மறித்தது. மோதலில் 500-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். அதன்பின் பல ஆண்டுகள் கோடைத் திருப்ப நாளில் கற்களை அணுகவே தடை. ஸ்டோன்ஹெஞ்ச் அருகே சாலையோரம் அமைதியாகக் கூடியவர்களின் வழக்கு, அப்போதைய மேல்முறையீட்டு மன்றமாகிய பிரபுக்கள் சபை வரை சென்றது. 1999-இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாயிற்று. 2000-ஆம் ஆண்டு கோடையில் கல்வட்டம் மீண்டும் திறந்தது. இன்று யூல் காலையிலும் கட்டணமின்றி அனுமதி உண்டு. கற்கள்மீது ஏறக்கூடாது, மது கூடாது என்பன விதிகள்.

கூட்டம் விடியலுக்கு வருகிறது. கற்களோ அந்திக்காக நிறுத்தப்பட்டவை. கல்வட்டத்தின் அச்சு ஒரு முனையில் கோடைத் திருப்பத்தின் உதயத்தையும், மறுமுனையில் குளிர்காலத் திருப்பத்தின் அத்தமனத்தையும் நோக்குகிறது. அருகிலுள்ள டரிங்டன் வால்ஸ் குடியிருப்பில் கிடைத்த பன்றிப் பற்களும் அவற்றுள் பல ஒன்பது மாத வயதில் கொல்லப்பட்டதைக் காட்டுகின்றன. வசந்தத்தில் பிறந்த குட்டிகள் எனில், விருந்து நடந்தது நடுக்குளிரில்தான். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் அம்மக்கள் மிக உயரமான இரு கற்களை வாயில்போல் நிறுத்தி, மேலே ஒரு கல்லை ஏற்றினர். அந்த இடைவெளியில்தான் குளிர்காலக் கதிரவன் மறைந்தது. ஒரு கல் எப்போதோ விழுந்துவிட்டது. மற்றொன்று தனித்து நிற்கிறது. நான்கு மணிக்குச் சற்று முன் அதன் அருகே சூரியன் இறங்குகிறது.

அவ்வேளையில் காலையில் வந்தவர்களுள் பலரும் வீடு சேர்ந்திருப்பர். கணப்பின் சாம்பல் தோட்டத்து மண்ணில் தூவப்படும். எரியாது எஞ்சிய கட்டைத் துண்டைத் துணியில் சுற்றி, அடுத்த யூலுக்காக எடுத்து வைக்கின்றனர்.