இறக்கத்தில் இரு சக்கரம் – 7: தண்ணீர் குடிக்கும் ரப்பர்

மாஸ்டர் சிலிண்டர் போன வாரத்தோடு முடிந்தது. லீவரை இழுத்தால் பிரேக் ஒயில் எப்படித் தள்ளப்படுகிறது என்பது தொடரை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் அந்த ஒயில் போகும் பழைய ஹோஸைக் கழற்றிப் புதியதை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பது.

பசறையிலிருந்து நமுனுகுல வழியாக எல்லவுக்குப் போகும் பாதையிலும் தோட்டப் பாதைகளிலும் பழைய மோட்டார் சைக்கிள்களுக்குக் குறைவில்லை. ஹொண்டா சிடி 125, எம்டி 90 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. டிரம் பிரேக், கேபிளோடு வேலை தீரும். பல்சர் போல முன் சக்கரத்தில் டிஸ்க் உள்ளவர்களுக்குத்தான் ஹோஸ். அது ஓடினாலும் வயதாகும், நின்றாலும் வயதாகும். ஹோஸை நான்கு வருடத்துக்கு ஒருமுறையும் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கின்றன யமஹாவின் கையேடுகள்.

ஏன் என்று தேடப் போனால்தான் அந்த அதிசயம் கிடைக்கிறது. ரப்பர் ஹோஸ் தண்ணீரை உள்ளே விடுகிறது! வெடிப்பு, ஓட்டை எதுவும் வேண்டாம். காற்றிலுள்ள ஈரம் நல்ல ரப்பரின் சுவரையும் மெல்ல ஊடுருவும். உள்ளே இருக்கும் கிளைக்கோல் ஒயில் அதை விரும்பி உறிஞ்சிக்கொள்ளும். மூடியை ஒருமுறைகூடத் திறக்காத வண்டியிலும் இது நடக்கும். புதிய டாட் 4 ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடுகிறது. வடகீழ் பருவ மழையில் வாரக்கணக்காக மூடுபனிக்குள் நிற்கும் வண்டிகளை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் தண்ணீரை உறிஞ்சாத ஒயில் நல்லதல்லவா? சிலிக்கோனில் செய்த டாட் 5 அப்படிப்பட்டது. ஆனால் உள்ளே வந்த தண்ணீர் அதில் கலக்காமல் தாழ்ந்த இடத்துக்கு, அதாவது டிஸ்க்கைக் கவ்விச் சூடேறும் காலிப்பருக்கே இறங்கி, 100 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். உறிஞ்சும் குணம் ஒரு பாதுகாப்பும்தான்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? வண்டியும் இரண்டு பேருமாக 250 கிலோ என்று வைத்து 500 மீற்றர் உயரம் இறங்கினால், வெளியேற வேண்டிய சக்தி மூன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கியரைக் குறைத்து எஞ்சினிடம் ஒரு பங்கைக் கொடுக்காதவர் பெரும்பகுதியை பிரேக்கின் தலையில் கட்டுகிறார். ஒயில் கொதித்து ஆவியானால் லீவர் ஹெண்டில் வரை வந்து ஒட்டும். பிடிக்க ஒன்றும் இருக்காது.

ஒயிலால் பிரேக் பிடிக்கும் முறையைக் கார்களுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மல்கம் லொக்ஹீட், தம்பி அலனோடு விமானம் செய்தவர். 1921இல் டியூசன்பெர்க் காரின் நான்கு சக்கரத்துக்கும் அவருடைய முறை வந்தது. மோட்டார் சைக்கிளில் முன் டிஸ்க்கோடு அது பெருமளவு விற்பனைக்கு வர 1969இன் ஹொண்டா சிபி 750 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி வழி. கழற்றுமுன் பழைய ஹோஸ் போகும் பாதையைப் படம் எடுத்துக்கொள்வதே முதல் வேலை. எந்தக் கிளிப், எந்த வளையம், கேபிளுக்கு முன்னாலா பின்னாலா என்பது பிறகு நினைவில் நிற்காது. புதியதை அதே கிளிப்புகளில் மாட்டி, இரு முனையிலும் உள்ள வளைய இணைப்பான பான்ஜோவின் இரு பக்கமும் புதிய செப்பு வோஷர் வைத்து, போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்க வேண்டும். பிறகு முன் சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, ஹெண்டிலை இடம் வலம் முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஹோஸ் அதிகம் இழுபடுவது அந்த நிலையில்தான். கொண்டை ஊசி வளைவில் ஹெண்டில் திரும்பியிருக்க, சக்கரம் குழிக்குள் விழும்போது நடப்பதும் இதுவே. அடுத்து ஃபோர்க்கை அமுக்கி, தளர்ந்த ஹோஸ் டயரையோ டிஸ்க்கையோ தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே அச்சிட்ட எழுத்து சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுகியிருக்கிறது. எல்லாம் சரியான பிறகே ஸ்பானர்.

ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடுகிறவர்கள் அது உரசும் இடத்தில் உறை மாட்டாவிட்டால் பெயின்டும் போகும், உலோகமும் தேயும்.

ஹோஸ் மாற்றும்போது உள்ளே புகுந்த காற்றை எடுப்பதும் இந்த வாரமே வந்திருக்க வேண்டும். ஹெண்டில் பக்கத்துப் பான்ஜோவில் ஒளிந்துகொள்ளும் குமிழிக்கே ஒரு பக்கம் தேவைப்படுவதால் அது அடுத்த இதழில். அதுவரை ஹோஸ் மாற்றிய வண்டி கராஜிலேயே நிற்கட்டும்.